பிறையும் மனித மனமும்: கொங்கு நாட்டு நம்பிக்கையும் ஆய்வு காட்டும் உண்மையும்

கொங்கு நாட்டில் அமாவாசை என்பது நாட்காட்டியில் வந்து போகும் ஒரு தேதி மட்டுமன்று. அன்று ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில் கூட்டம் அலைமோதும். ஆடி அமாவாசையில் பவானிக் கூடுதுறையிலும் பேரூர் நொய்யல் கரையிலும் முன்னோர்க்குத் தர்ப்பணம் செய்வோர் திரள்வர். சித்திரா பௌர்ணமியை ஒட்டி வெள்ளியங்கிரி மலையேறுவோரின் எண்ணிக்கை பெருகும். தச்சரும் கொல்லரும் அமாவாசையன்று கருவிகளைக் கீழே வைத்து ஓய்வு கொள்வது பழைய வழக்கம். புதிதாகக் கடை திறக்க எண்ணுவோர் 'நிறைந்த அமாவாசை' என்று அதே நாளைத் தேடிப் பிடிப்பர். மனநோயாளி ஒருவர் இருக்கும் வீடோ அந்த நாளை அச்சத்தோடு எதிர்நோக்கும். "அமாவாசை நெருங்குகிறது, இனி இரண்டு நாள் ஒன்றும் சொல்வதற்கில்லை" என்று வீட்டார் தமக்குள் பேசிக்கொள்வர். ஒரே நாள் ஒருவருக்கு மங்கலமாகவும் மற்றொருவருக்கு அச்சமாகவும் இருக்கின்றது.

இது பிற சமயத்தாரின் நம்பிக்கை, நமக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று கூறி நாம் ஒதுங்கிவிட இயலாது. நம் இல்லங்களில் தொங்கும் நாட்காட்டிகளைப் புரட்டினால் 'கமர் அக்ரப்' எனக் குறிக்கப்பட்ட நாட்களைக் காணலாம். சந்திரன் விருச்சிக ராசியில் இருப்பதாகக் கொள்ளப்படும் இரண்டேகால் நாட்கள் அவை. திருமணமும் பயணமும் அந்நாட்களில் வேண்டாம் எனத் தள்ளிப்போடும் முஸ்லிம் குடும்பங்கள் இன்றும் உள்ளன. ஸஃபர் மாதத்தைப் பீடை மாதமென்று எண்ணுவதும், அதன் இறுதிப் புதனை 'ஒடுக்கத்துப் புதன்' என்று கழிப்பதும் நம்மிடையே இன்னும் முற்றாக மறையவில்லை. கோவையில் கோட்டைமேடு, உக்கடம் பகுதிகளிலும், பொள்ளாச்சி, தாராபுரம், ஈரோடு முதலிய ஊர்களிலும் வாழும் நம் மக்கள் அயலாரோடு நிலத்தையும் நீரையும் பகிர்ந்து கொண்டது போலவே இவ்வச்சங்களையும் பகிர்ந்து கொண்டுள்ளனர்.

எனவே கேள்வியை நேராகவே எழுப்புவோம். பிறை வளர்வதாலும் தேய்வதாலும் மனிதனின் மனமும் நடத்தையும் மாறுபடுகின்றனவா? இதற்கு மார்க்கத்தின் பெயரால் 'இல்லை' என ஒரே சொல்லில் விடையிறுத்து முடித்துவிடுவதும் முறையன்று. முன்னோர் சொன்னார்கள் என்று 'ஆம்' என ஏற்பதும் முறையன்று. சான்றுகளைப் பார்த்தபின் முடிவு செய்வதே அறிவுடைமை.

மூன்று வேறு கூற்றுகள்

இப்பொருள் பற்றிய விவாதங்களில் குழப்பம் விளைவதற்குக் காரணம், வெவ்வேறான மூன்று கூற்றுகள் ஒன்றாகக் கலந்து பேசப்படுவதாகும். முதலாவது, விதி பற்றிய கூற்று. சந்திரன் இன்ன இடத்தில் நிற்பதால் இன்ன காரியம் கெடும் என்பது அது. இரண்டாவது, ஈர்ப்பு பற்றிய கூற்று. கடல்நீரை உயர்த்தும் சந்திரன், பெரும்பகுதி நீராலான மனித உடலையும் ஈர்த்து மூளையைக் கலக்குகிறது என்பது அது. மூன்றாவது, ஒளி பற்றிய கூற்று. நிலவு காயும் இரவில் மனிதன் தாமதமாக உறங்குகிறான். உறக்கம் குறைவதால் அவனது மனநிலையும் செயலும் மாறுகின்றன என்பது அது.

முதலாவது சோதிடத்தைச் சார்ந்தது. மற்ற இரண்டும் அறிவியல் சார்ந்தவை. ஆய்ந்து மெய்யோ பொய்யோ எனக் காட்டப்படக் கூடியவை. ஒன்று பொய்யென நிறுவப்பட்டால் மற்றதும் பொய்யாகி விடாது. ஒன்று மெய்யென நிறுவப்பட்டாலும் மற்றவை மெய்யாகி விடா. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்தியே மேலே செல்வோம்.

பழைய நூல்களில் சந்திரன்

நிலவையும் பித்தையும் இணைத்துப் பேசுவது உலகெங்கும் காணப்படும் வழக்கம். சந்திரனைக் குறிக்கும் இலத்தீன் சொல் 'லூனா'. அதிலிருந்தே பைத்தியத்தைக் குறிக்கும் 'லூனாட்டிக்' என்ற ஆங்கிலச் சொல் பிறந்தது. அச்சொல் வீட்டுப் பேச்சோடு நில்லாமல் சட்டத்திலும் இடம்பெற்றது. ஆங்கிலேயர் ஆட்சியில் 1912இல் இயற்றப்பட்ட இந்திய மனநோயாளிச் சட்டத்தின் பெயரே 'லூனசி' சட்டம் என்பதாகும். 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் வந்த பின்னரே நம் நாட்டுச் சட்டம் அப்பெயரைக் கைவிட்டது. முக்கால் நூற்றாண்டுக் காலம் ஒரு நோயாளியைச் சந்திரனின் பெயரால் அரசே அழைத்து வந்தது என்பது சிந்தனைக்குரியது. அரபு மொழியில் பைத்தியத்தைக் குறிக்கும் 'மஜ்னூன்' என்ற சொல்லோ 'ஜின்' என்னும் வேரோடு தொடர்புடையது. ஒரு சமூகம் சந்திரனைக் குற்றம் சாட்டியது. மற்றொன்று ஜின்னைக் குற்றம் சாட்டியது. நோயை நோயாகக் காண்பதற்கு இரு சாராருக்குமே நெடுங்காலம் தேவைப்பட்டது.

முஸ்லிம் மருத்துவ மேதைகளும் சந்திரனின் தாக்கத்தை ஏற்றுப் பேசியுள்ளனர் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. இப்னு ஸீனா தமது 'அல்கானூன்' நூலில், இரத்தம் குத்தி எடுக்கும் ஹிஜாமா சிகிச்சையை மாதத் தொடக்கத்திலும் இறுதியிலும் தவிர்த்து நடுப்பகுதியில் செய்யுமாறு கூறுகிறார். நிலவொளி பெருகும்போது உடலின் தாதுக்களும் பெருகிக் கிளர்கின்றன என்பது அவர் காட்டும் காரணம். கிரேக்கரிடமிருந்து பெறப்பட்ட தாதுக் கொள்கையின் தொடர்ச்சி இது. அதே இப்னு ஸீனா சோதிடத்தை மறுத்துத் தனியே ஒரு நூல் எழுதினார் என்பதும் குறிப்பிடத்தக்கது. அதாவது, விதி பற்றிய கூற்றை அவர் தள்ளினார். இயற்கைத் தாக்கம் பற்றிய கூற்றைத் தம் காலத்து அறிவின்படி ஏற்றார். நாம் மேலே கூறிய வேறுபாடு புதியதன்று.

பாட்னாவில் எடுத்த கணக்கு

நம் நாட்டிலேயே இது பற்றி நடந்த ஓர் ஆய்வு உலகெங்கும் பேசப்பட்டது. பாட்னாவைச் சேர்ந்த மருத்துவர் சி.பி. தாக்கூரும் டி. சர்மாவும் 1984 டிசம்பரில் பிரித்தானிய மருத்துவ இதழில் முழுநிலவும் குற்றமும் பற்றிய கட்டுரை ஒன்றை வெளியிட்டனர். தாக்கூர் பின்னாளில் மத்திய சுகாதார அமைச்சராகப் பதவி வகித்தவர். கிராமம், நகரம், தொழில் நகரம் என மூன்று வகை இடங்களில் அமைந்த மூன்று காவல் நிலையங்களில் 1978 முதல் 1982 வரை பதிவான குற்றங்களை அவர்கள் திதிவாரியாகக் கணக்கிட்டனர். பௌர்ணமி நாட்களில் குற்றங்கள் மற்ற நாட்களைவிட மிகுதியாகப் பதிவாகியிருந்தன. அமாவாசையில் ஒரு சிறு ஏற்றம் தென்பட்டது. ஆனால் அது பொருட்படுத்தத்தக்க அளவினதாக இல்லை. சந்திரனின் ஈர்ப்பால் மனித உடலில் எழும் ஒரு வகை 'அலையே' இதற்குக் காரணமாகலாம் என்று அவர்கள் கருதினர்.

இக்கருத்து புதியதன்று. அமெரிக்காவின் மியாமி நகரைச் சேர்ந்த உளமருத்துவர் ஆர்னால்டு லீபர், கொலைகளின் எண்ணிக்கையைச் சந்திரனோடு ஒப்பிட்டு 1972இல் ஒரு கட்டுரையும் 1978இல் ஒரு நூலும் எழுதி, உடலினுள்ளும் ஓதம் எழுகிறது என்ற கருத்தைப் பரப்பியிருந்தார்.

பாட்னா ஆய்வின் எண்களை நாம் ஐயுற வேண்டியதில்லை. ஆனால் அவ்வெண்களே அவர்களது விளக்கத்திற்கு எதிராக நிற்கின்றன. கடலில் பெரும் ஓதம் எழுவது பௌர்ணமியில் மட்டுமன்று. அமாவாசையிலும் அதே அளவில் எழும். சூரியனும் சந்திரனும் பூமியும் ஒரு நேர்கோட்டில் அமைவது இரு நாட்களுக்கும் பொது. ஈர்ப்பே காரணம் என்றால் குற்றங்களும் இரு நாட்களிலும் ஒப்பப் பெருகியிருக்க வேண்டும். பௌர்ணமியில் மட்டும் பெருகின என்றால் காரணம் ஈர்ப்பன்று. அன்று மட்டும் உள்ள வேறொன்று. அன்று மட்டும் உள்ளது நிலவொளி. அதோடு வேறொன்றும் உண்டு. ஹோலி, ரக்ஷா பந்தன், குரு பூர்ணிமா, புத்த பூர்ணிமா என வட இந்தியாவின் பல விழாக்கள் பௌர்ணமியில் வருகின்றன. விளக்கில்லாத தெருக்களில் நிலவு காயும் இரவில், திருவிழாக் கூட்டத்தில், மக்கள் மிகுதியாக நடமாடும்போது பூசல்களும் மிகுவது இயல்பே. இவற்றை விலக்கிப் பார்க்காமல் சந்திரனின் மேல் பழி சுமத்துதல் பொருந்தாது.

கடல் பொங்குவது போல் உடல் பொங்குமா?

மனித உடலில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு நீர். கடலை ஈர்க்கும் சந்திரன் உடலை விட்டுவிடுமா என்ற வாதம் கேட்பதற்கு எளிது. அதனாலேயே வலுவாகப் பரவியுள்ளது. ஆனால் ஓதம் எழும் முறையை அறிந்தோர்க்கு இதன் பிழை விளங்கும்.

சந்திரன் நீரை மட்டும் தேர்ந்தெடுத்து ஈர்ப்பதில்லை. கல்லையும் மண்ணையும் அதே விதியின்படியே ஈர்க்கிறது. ஓதத்திற்குக் காரணம் ஈர்ப்பின் மொத்த அளவன்று. ஈர்ப்பில் உள்ள வேறுபாடு. பூமியில் சந்திரனை நோக்கிய பக்கம் சற்று மிகுதியாகவும், எதிர்ப்பக்கம் சற்றுக் குறைவாகவும் ஈர்க்கப்படுகின்றது. ஏறத்தாழ 12,700 கிலோமீட்டர் விட்டமுள்ள பூமிக்கு இவ்வேறுபாடு பொருட்படுத்தத்தக்கது. அதன் மேல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொடர்ச்சியாகப் பரந்துள்ள கடல்நீர் பக்கவாட்டில் நகர்ந்து ஓரிடத்தில் உயர்கின்றது. உக்கடம் பெரியகுளத்திலோ சிங்காநல்லூர்க் குளத்திலோ நாளும் இருமுறை நீர் ஏறி இறங்குவதை எவரும் கண்டதில்லை. குளத்தின் அளவு அதற்குப் போதாது. குளத்திற்கே இல்லாத ஓதம் குடத்து நீருக்கு ஏது? மனித உடலுக்கு ஏது?

கணக்கிட்டுப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஐந்தரை அடி உயரமுள்ள ஒருவரின் தலைக்கும் காலுக்கும் இடையே சந்திரனின் ஈர்ப்பில் ஏற்படும் வேறுபாடு, பூமியின் ஈர்ப்பில் ஏறத்தாழ 30 லட்சம் கோடியில் ஒரு பங்கே ஆகும். ஒருவரின் தோளில் அமரும் கொசு செலுத்தும் ஈர்ப்புகூட இவ்வகையில் சந்திரனை விஞ்சும் என்று வானியலாளர் ஜார்ஜ் ஏபெல் எடுத்துக்காட்டினார். ஆகவே ஈர்ப்பு பற்றிய கூற்று நிற்கவில்லை.

எண்ணிக்கை சொல்வது என்ன?

காரணம் விளங்காவிட்டாலும் விளைவு மெய்யாக இருக்கலாம் அல்லவா? இக்கேள்வி நியாயமானது. 1985இல் ஜேம்ஸ் ராட்டன், ஐவன் கெல்லி என்ற இரு உளவியலாளர்கள் அதுவரை வெளிவந்த 37 ஆய்வுகளை ஒருங்கே தொகுத்து ஆராய்ந்தனர். மனநோய் விடுதிச் சேர்க்கை, குற்றம், நெருக்கடி அழைப்பு எனப் பல வகை நடத்தைகள் அவற்றில் அடங்கும். அந்நடத்தைகளில் காணப்படும் ஏற்ற இறக்கத்தில் நூற்றில் ஒரு பங்கின் நூற்றில் ஒரு பங்குக்கு மேல் சந்திரனால் விளக்க முடியவில்லை என்பது அவர்கள் கண்ட முடிவு. தொடர்பு இருப்பதாகக் கூறிய சில ஆய்வுகளில் பிழைகளும் வெளிப்பட்டன. முழுநிலவில் சாலை விபத்துகள் மிகுகின்றன என்று கூறிய ஓர் ஆய்வில், ஆராயப்பட்ட காலத்தின் முழுநிலவு நாட்களுள் பல வார இறுதியில் வந்திருந்தன. விபத்து மிகுந்ததற்கு வார இறுதியே காரணம், சந்திரன் அன்று.

அவ்வாறாயின், நோயாளியை நாள்தோறும் அருகிருந்து காணும் தாயும், இரவுப் பணி பார்க்கும் செவிலியரும் காவலரும் பொய்யா சொல்கின்றனர்? இல்லை. அவர்கள் கண்டதையே சொல்கின்றனர். ஆனால் கண்டதில் ஒரு பகுதியே நினைவில் தங்கியுள்ளது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பிறைமாதம் இருபத்தொன்பதரை நாட்கள். அமாவாசையும் அதன் முன்பின் நாட்களும் சேர்த்து மூன்று. பௌர்ணமியும் அவ்வாறே மூன்று. ஆக ஆறு நாட்கள், அதாவது மாதத்தில் ஐந்தில் ஒரு பங்கு, நம் வழக்கில் 'சந்திரன் வேலை செய்யும்' நாட்கள். ஒரு நோயாளிக்கு ஆண்டில் பத்து முறை நோய் கிளர்கிறது எனக் கொள்வோம். எந்தத் தொடர்பும் இல்லாமலேயே அவற்றில் இரண்டு இந்நாட்களில் விழும். அவ்விரண்டும் மனத்தில் பதிந்து நிற்கும். சாதாரண அஷ்டமியிலும் தசமியிலும் வந்த எட்டும் மறந்துபோகும். அமைதியாகக் கழிந்த அமாவாசைகளை எவரும் எண்ணி வைப்பதில்லை. உளவியலார் இதனைப் பொய்த் தொடர்பு என்பர்.

இதில் மற்றொரு நுட்பமும் உண்டு. அமாவாசை வருகிறதென்று வீட்டார் நோயாளியைக் கூர்ந்து நோக்குகின்றனர், அறையில் பூட்டுகின்றனர், தாமும் உறங்காமல் அவரையும் உறங்கவிடாமல் காத்திருக்கின்றனர். அந்தப் பதற்றமே நோயைக் கிளறப் போதுமானது. சந்திரன் செய்யாததை நம் எதிர்பார்ப்பு செய்து முடிக்கின்றது.

நிலவொளியும் உறக்கமும்

ஆயினும் விவாதம் இத்துடன் முடிந்துவிடவில்லை. மூன்றாவது கூற்றான ஒளி பற்றிய கருத்துக்கு அண்மைக்கால ஆய்வுகள் புதிய வலுவைச் சேர்த்துள்ளன.

2013இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகர ஆய்வாளர் கஜோகென் குழுவினர், 33 பேரிடம் வேறு நோக்கத்திற்காக முன்பே எடுத்து வைத்திருந்த உறக்கப் பதிவுகளை மீண்டும் புரட்டினர். முழுநிலவை ஒட்டிய இரவுகளில் ஆழ்ந்த உறக்கத்திற்குரிய மூளை அலைகள் 30 விழுக்காடு குறைந்திருந்தன. உறக்கம் வர 5 நிமிடம் கூடுதலாகப் பிடித்தது. மொத்த உறக்கம் 20 நிமிடம் குறைந்திருந்தது. ஆனால் அடுத்த ஆண்டே 470 பேரின் பதிவுகளை ஆராய்ந்த மற்றொரு குழு அத்தகைய விளைவு எதனையும் காணவில்லை. தொடர்பு காணப்படாத ஆய்வுகள் வெளிவராமல் மேசை இழுப்பறையிலேயே தங்கிவிடுவதால் மக்கள் ஒரு பக்கத்தையே அறிகின்றனர் என்றும் அக்குழு எச்சரித்தது.

2021இல் வெளியான ஆய்வு இவற்றினும் சிறப்புடையது. அர்ஜென்டினாவில் வாழும் தோபா என்னும் பழங்குடியினரில் மின்சாரமே இல்லாதோர், சிறிதளவு உள்ளோர், நகரத்தில் வாழ்வோர் என மூன்று பிரிவினரின் மணிக்கட்டில் கருவி பொருத்தி அவர்களது உறக்கம் அளக்கப்பட்டது. பிறைமாதத்தினூடே அவர்களது உறக்க நேரம் சராசரியாக 46 முதல் 58 நிமிடங்கள் வரை ஏறி இறங்கியது. மிகத் தாமதமாக உறங்கச் சென்றதும் மிகக் குறைவாக உறங்கியதும் முழுநிலவன்று அன்று. அதற்கு மூன்று முதல் ஐந்து நாட்களுக்கு முந்தைய இரவுகளில். அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து மாணவரிடமும் இதே போக்கு தென்பட்டது.

முழுநிலவுக்கு முந்தைய நாட்கள் ஏன்? வளர்பிறையின் இறுதி நாட்களில் சூரியன் மறையும்போதே நிலவு வானில் உயர்ந்து நிற்கும். முன்னிரவு முழுதும் ஒளி கிடைக்கும். பௌர்ணமிக்குப் பின் நாளுக்கு நாள் நிலவு தாமதித்து எழுவதால் முன்னிரவு இருளாகிவிடும். வேலையையும் பேச்சையும் நீட்டிக்க உதவுவது வளர்பிறை நிலவே.

கொங்கு நாட்டார்க்கு இதனை விளக்கவே தேவையில்லை. பைக்காரா நீர்மின்சாரம் 1930களில் கோவை ஆலைகளுக்கு வந்து, பின்னர் மெல்ல மெல்லக் கிராமங்களையும் கிணறுகளையும் எட்டும் வரை, இரவு என்பது நிலவின் ஆட்சிக்குட்பட்டதாகவே இருந்தது. வள்ளி கும்மி ஆடியதும், களத்தில் கதை கேட்டதும், அடுத்த ஊருக்கு வண்டி கட்டியதும் நிலவை நம்பியே. அவ்விரவுகளில் ஊரே குறைவாக உறங்கியிருக்கும். உறக்கக் குறைவு சில மனநோயாளிகளிடம், சிறப்பாக எழுச்சியும் சோர்வும் மாறி மாறி வரும் இருமுனை நோயினரிடம், வெறிநிலையைத் தூண்டக் கூடியது என்பது மருத்துவர் நன்கறிந்த உண்மை. ஆகவே, விளக்கில்லாத காலத்தில் நிலவுக்கும் பித்துக்கும் தொடர்பு கண்ட முன்னோர் வெறும் கற்பனை செய்யவில்லை. உறக்கத்தின் வழியாக ஒரு மெய்யான தொடர்பையே கண்டிருக்கலாம் என்று 1999இல் உளமருத்துவர் சிலர் வாதிட்டனர். 2018இல் தாமஸ் வேர் என்ற ஆய்வாளர், மனநிலை விரைந்து மாறும் இருமுனை நோயினர் 17 பேரின் நோய்ச் சுழற்சி சந்திரனின் சுழற்சியோடு ஒத்துச் செல்வதாக எழுதினார். பதினேழு பேரை வைத்துப் பொதுவிதி வகுக்க இயலாது எனினும் இது தள்ளத்தக்கதன்று.

இன்றைய நிலை என்ன? முழுநிலவின் ஒளி மிகத் தெளிந்த இரவிலும் கால் லக்ஸ் அளவை ஒட்டியதே. நம் வீட்டு விளக்கு நூறு லக்ஸுக்கு மேலும் தரும். திருப்பூர்ப் பின்னலாடைக் கூடத்தில் இரவு முழுதும் வேலை செய்யும் இளைஞனின் உறக்கத்தைக் கெடுப்பது வானத்து நிலவன்று. கூரையில் எரியும் குழல் விளக்கும், வாரந்தோறும் மாறும் பணி நேரமும், படுக்கையில் கையிலிருக்கும் கைபேசியும்தான். ஆகவே அமாவாசையை எண்ணி அஞ்சும் குடும்பம், உண்மையில் எண்ணிப் பார்க்க வேண்டியது நோயாளி நேற்றிரவு எத்தனை மணி நேரம் உறங்கினார் என்பதையே.

மார்க்கம் காட்டும் நிலை

அல்குர்ஆன் பிறைகளைப் பற்றிக் கேட்கப்பட்ட கேள்விக்கு, அவை மக்களுக்கும் ஹஜ்ஜுக்கும் காலங்காட்டிகள் என்று விடையளிக்கின்றது (2:189). ஆண்டுகளின் எண்ணிக்கையையும் கணக்கையும் மனிதன் அறியும் பொருட்டே சந்திரனுக்குத் தங்குமிடங்கள் வகுக்கப்பட்டன என்கிறது (10:5). சூரியனுக்கோ சந்திரனுக்கோ சிரம் பணியலாகாது என்று விலக்குகின்றது (41:37). நன்மை தீமைகளைப் பங்கிடும் அதிகாரம் சந்திரனுக்கு அளிக்கப்படவில்லை.

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் மைந்தர் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. சூரிய கிரகணம் பிறைமாத முடிவில், அமாவாசையில் மட்டுமே நிகழக் கூடியது என்பது நாம் அறிந்ததே. அச்சிறுவரின் மறைவால்தான் வானம் இருண்டது என்று மக்கள் பேசினர். ஒரு தலைவர் தம் பெருமைக்கு அப்பேச்சைப் பயன்படுத்திக் கொள்ள அதனினும் சிறந்த தருணம் வாய்த்திருக்காது. ஆனால் நபியவர்கள், சூரியனும் சந்திரனும் இறைவனின் அத்தாட்சிகள். எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் அவை கிரகணம் அடைவதில்லை என்று தெளிவுபடுத்தினார்கள். மகனை இழந்த துயரத்தின் நடுவிலும் ஒரு மூடநம்பிக்கை முளைவிட அவர்கள் இடந்தரவில்லை. இதன்பின் கமர் அக்ரபுக்கு நம் நாட்காட்டியில் என்ன இடம்?

அதே வேளையில், இயற்கைத் தாக்கம் பற்றிய ஆய்வை மார்க்கம் தடுக்கவுமில்லை. கிரகணம் பற்றிய வானியல் கணக்கை மார்க்கத்தின் பெயரால் மறுப்பவர் மார்க்கத்திற்கே தீங்கிழைக்கிறார் என்று இமாம் கஸ்ஸாலி எச்சரித்தார். நிலவொளி உறக்கத்தைப் பாதிக்கிறது என்று சான்று கிடைத்தால், வெயில் தாகத்தைத் தருகிறது என்பது போல் அதனை ஏற்பதில் தடையேதுமில்லை. ஹிஜாமாவுக்குப் பிறை 17, 19, 21 ஆகிய நாட்களைக் குறிக்கும் அறிவிப்புகளின் தரம் பற்றி ஹதீஸ் கலையறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அத்தேதிகளைக் காட்டி மனநோய்க்கும் வலிப்புக்கும் குருதி எடுப்பதையே முழுச் சிகிச்சையாக முன்வைப்பது எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று.

சான்று தேடும் மனநிலைக்கு அல்பீரூனியை நாம் முன்மாதிரியாகக் கொள்ளலாம். மரகதத்தைக் கண்டால் பாம்பின் கண் குருடாகும் என்பது அக்காலத்தில் எல்லாரும் நம்பிய செய்தி. அவர் அதனை ஏற்கவுமில்லை, எடுத்த எடுப்பில் மறுக்கவுமில்லை. பாம்புக்கு மரகத மாலை அணிவித்தும், அதன் முன் மரகதத்தைப் பரப்பியும், வெயிலிலும் குளிரிலுமாக ஒன்பது மாதங்கள் சோதித்தார். பாம்பின் கண்ணுக்கு ஒன்றும் நேரவில்லை. அதையே எழுதி வைத்தார். அமாவாசைக்கு அஞ்சும் நம் குடும்பங்களும் இதைச் செய்யலாம். ஒரு குறிப்பேட்டில் ஓராண்டுக் காலம் நோய் கிளர்ந்த நாட்களையெல்லாம், அமாவாசை என்று பாராமல், எழுதி வரட்டும். அன்று உறங்கிய நேரத்தையும், மருந்து உட்கொண்டாரா என்பதையும் குறிக்கட்டும். எது எதனோடு ஒத்துச் செல்கிறது என்பது தானே விளங்கிவிடும். அக்குறிப்பேடு மருத்துவருக்கும் பெரிதும் உதவும்.

ஏர்வாடி நினைவூட்டுவது

இவ்வளவு விரிவாக இதனை எழுத வேண்டிய தேவை என்ன என்று சிலர் கேட்கலாம். ஒரு நம்பிக்கை நம்மோடு நின்றுவிட்டால் அது தீங்கற்றது. அது நோயாளிக்கும் மருந்துக்கும் நடுவே நிற்கும்போது உயிரைக் குடிக்கின்றது. 2001 ஆகஸ்ட் 6 அன்று விடியற்காலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நாடி அழைத்து வரப்பட்ட மனநோயாளிகளை வைத்திருந்த தனியார் விடுதி ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் தப்ப இயலாமல் 28 பேர் உயிரிழந்தனர். அவர்களை அங்கே கொண்டு சேர்த்த உறவினர் கொடியவர் அல்லர். நோய் மூளையையும் மனத்தையும் சார்ந்தது என்பதை அறியாமல், அதற்கு வெளியே எங்கோ காரணத்தைத் தேடியவர்கள். சந்திரன், ஜின், சூனியம் என்று தேடும் ஒவ்வொரு மாதமும் சிகிச்சை தாமதமாகும் மாதமே.

இன்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கின்றது. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி எந்நேரமும் அழைத்துத் தமிழிலேயே ஆலோசனை பெறலாம். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலச் சிகிச்சை கிடைக்கின்றது. இவற்றை நாடுவது ஈமானுக்கு முரணானதன்று. நம் வரலாற்றுக்கு முழுதும் இசைந்தது. திமிஷ்கில் 1154இலும் கெய்ரோவில் 1284இலும் எழுப்பப்பட்ட மாரிஸ்தான் மருத்துவமனைகளில் மனநோயாளர்க்கும் இடமிருந்தது. 934இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ, உடலுக்கு நலம் பேணுவது போலவே மனத்துக்கும் பேண வேண்டும் என்று ஒரே நூலில் இரண்டையும் இணைத்து எழுதினார். துஆவும் மருந்தும் ஒன்றையொன்று விலக்குபவை அல்ல.

ஆண்டுதோறும் ரமலானின் இறுதி மாலையில், பாலக்காட்டுக் கணவாயின் இரு புறத்தும் உள்ள நம் மக்கள் மேற்கு வானத்தை நோக்கி நிற்கின்றனர். சில ஆண்டுகளில் கேரளத்தில் பிறை தெரிந்துவிடும், கோவையில் தெரியாது. ஒரே குடும்பத்தில் சிலர் இன்றும் சிலர் நாளையும் பெருநாள் கொண்டாடுவர். அந்த மெல்லிய கீற்றைத் தேடும் கண்களில் அச்சமில்லை. ஆவலும் நன்றியுமே உள்ளன. பிறை நமக்கு நாளைக் காட்டட்டும். மனம் நோயுற்ற சகோதரருக்கு வழிகாட்ட வேண்டிய பொறுப்போ நம்முடையது. அதற்கு அமாவாசை கழியட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை.